தாண்ட்ராப் பாயில் தடவியது என்ன?

1

செவ்வாய்க்கிழமை வந்த கடிதம் என் அப்பாவின் பெயருக்கு வந்திருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக மெல்பர்னில் எல்லா அலுவலகங்களும் அவரைத்தான் அழைக்கின்றன. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், வந்த முதல் நாளே அப்பா பெயரை எழுதி நான் செய்த குழப்பம் அது. இந்த மண்ணை ஒருநாளும் மிதிக்காத மனிதர் இங்கே பல் மருத்துவரிடம் போகிறார், நூலகத்தில் புத்தகம் எடுக்கிறார், இப்போது சந்தேகத்துக்கும் ஆளாகியிருக்கிறார்.

இந்தியாவிலிருந்து அவர் பெயருக்கு வந்த பொதி சோதனைக்காக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதாம். உள்ளே இருந்ததை யாரோ பிரித்துப் பார்த்து, முகர்ந்து, தங்கள் மொழியில் பெயரிட்டு, பட்டியல் போட்டிருந்தார்கள். உலர்ந்த பழத் தகடு. உலர்ந்த இலைப் பொருட்கள். கையால் தைத்த படுக்கைத் துணி. கொட்டைத் தூள். ஒவ்வொன்றின் எதிரிலும் கேள்விகள். பழத் தகட்டுக்கு எதிரில் மூன்று கட்டங்கள்: பால் பொருள் கலந்துள்ளதா? ஆம். இல்லை. தெரியாது. ‘தெரியாது’ என்று குறித்தால் பொருள் அழிக்கப்படும் என்று அடியில் பொடியெழுத்து. அதற்கும் அடியில், மேற்கண்டவை உண்மை என்று கையெழுத்திட ஒரு கோடு.

பழத் தகடு என்றால் மாம்பழத் தாண்ட்ரா. அனுப்பியது என் அக்கா கோமளா. நாங்கள் ஆந்திர எல்லையில், நகரிப் பக்கத்துத் தமிழர்கள். அக்காவைக் கொடுத்தது பங்காருபாளையத்தில். வீட்டைச் சுற்றி மாமரம். சீசனில் விலை போகாமல் நிற்கும் பழத்தையெல்லாம் பிழிந்து, வெல்லம் சேர்த்து, பாயில் ஊற்றி, வெயிலில் காயவைத்து, காய்ந்ததன்மேல் மறுபடி ஊற்றி, பத்துப் பதினைந்து நாளில் விரல் கனத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். கத்தியால் வெட்டினால் பட்டை பட்டையாக, விளக்குக்கு நேரே பிடித்தால் தேன் நிறத்தில் வெளிச்சம் விடும்.

தேன் என்று எழுதியதற்கு என் மகள் கோபித்துக்கொள்வாள். அவள் தேன் சாப்பிடுவதில்லை.

யாமினிக்கு வயது பத்தொன்பது. இரண்டரை ஆண்டுகளாகப் பால், தயிர், நெய், தேன் எதுவும் இல்லை. முட்டை, கறி அதற்கு முன்பே போய்விட்டன. நனிசைவம் என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் யாமினி சாப்பாடு. உறையில் அச்சடித்த பட்டியலைப் படிக்காமல் எதையும் வாயில் வைக்கமாட்டாள். பட்டியல் இல்லாமல் அவள் சாப்பிடுவது உலகத்தில் இரண்டே இரண்டு: அத்தை செய்யும் தாண்ட்ரா, நான் செய்யும் சமையல்.

அந்தச் சின்னக் கட்டம் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டது. எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ‘தெரியாது’ என்றே குறித்து, கோணலாக ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பியிருப்பேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு எங்கள் வீட்டை எப்படிச் சொல்வது? சந்தேகம் குடியிருக்கிற வீடு என்று சொல்லலாம். ரொட்டியைச் சந்தேகிக்கிறோம், அதில் பால் பவுடர் இருக்கலாம். சிவப்பு மிட்டாயைச் சந்தேகிக்கிறோம், அந்தச் சிவப்பு ஒரு பூச்சியை அரைத்து எடுத்ததாக இருக்கலாம். பெருங்காயத்தை, பிஸ்கட்டை, ஆப்பிள்மேல் மினுக்கும் மெழுகை. நான் வேலை செய்வது மருந்துக் கிடங்கில்; பெட்டிகளை வரிசைப்படுத்தி வண்டியில் ஏற்றும் வேலை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யாமினி கேட்டாள்: “நைனா, அந்த கேப்ஸ்யூல் தோல் எதுல செய்யறாங்க தெரியுமா?” தெரியாது என்றேன். சொன்னாள். மாட்டு எலும்பு. மறுநாளிலிருந்து கிடங்கில் என் தலைக்குமேல் அடுக்கியிருப்பதெல்லாம் மந்தை மந்தையாக என்னைப் பார்க்கிறது.

குளிர்பதனப் பெட்டியில் அவளுக்கு ஒரு தட்டு. அதன் ஓரத்தில் பச்சை ஒட்டுநாடா. அடுப்பில் அவளுக்கென்று ஒரு குண்டான், ஒரு கரண்டி. என் மனைவி சுமதி முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். ஆகவே சமையல் என் கையில். இரண்டு அடுப்பில் இரண்டு பருப்பு வேகும். ஒன்றில் நெய், ஒன்றில் கடலை எண்ணெய். இரண்டுக்கும் ஒரே கடுகு, ஒரே கறிவேப்பிலை, ஒரே ஆள்.

கைவேலையிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கிழவர் கொடுத்த கம்பளி விரிப்பை அவள் மடித்து வாசலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். பதிலுக்குத் தானே பருத்தி நூல் வாங்கி, கொக்கி ஊசியால் பின்னி, கால்மிதி, பாத்திரம் பிடிக்கும் துணி, அம்மாவுக்கு ஒரு பை என்று வீட்டை நிரப்பினாள். மாலையில் அவள் பின்னிக்கொண்டிருப்பாள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். பேச்சு அதிகம் இருக்காது. இவள் மனதில் என்ன ஓடுகிறது என்று நான் அவளைப் பார்ப்பேன். கீரையில் புழு இருந்தால் இந்த மனிதர் என்ன செய்வார் என்று அவள் என்னைப் பார்ப்பாள்.

பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகும் வழி மொழி என்று இங்கே எல்லாத் தமிழ் வீடுகளிலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டுத் தட்டு. மூன்று தட்டு ஒரே மேசையில் இருக்கிறது. நடுவில் ஒரு சோதனைச் சாவடியும் இருக்கிறது.

3

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். இங்கே கோடை விடுமுறை, அங்கே பனி. பங்காருபாளையத்தில் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னா கண்ணு, இப்பிடி எளச்சிப் போய்க்கீற? ஒங்க நைனா சோறு போடறதில்லயா?”

“நல்லா போடறாரு அத்தை. ஆனா நான் பால், நெய்யெல்லாம் சேத்துக்கறதில்ல.”

“வெள்ளிக்கிழமையா?”

“எல்லாக் கிழமையும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நம்பவில்லை. நெய் விடாமல் ஒருவருக்குச் சோறு போட்டால் அவரை வாசலில் நிறுத்தியதற்குச் சமம் என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது. இவள் எப்படியும் எதிலாவது ஒரு சொட்டு விட்டுவிடுவாள் என்று அன்றே முடிவு கட்டினேன். ஒரு வாரம் சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தாளிக்கிற வாசனை வந்தால் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

யாமினி அங்கேயும் சும்மா இருக்கவில்லை. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிப் பால் எடுத்தாள். அக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

“கடலைக்குப் பாலா? எப்ப ஈனிச்சி அது?”

அக்கா வீட்டுக்காரர், மாமா, விழுந்து விழுந்து சிரித்தார். யாமினி பச்சைமிளகாய்க் காம்பை அந்தப் பாலில் போட்டு மூடி வைத்தாள். மறுநாள் அது தயிராக உறைந்திருந்தது. அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளிப்பாள் என்று காத்திருந்தேன். “புளிப்பு கீது,” என்றாள். “கொஞ்சம் உப்பு போட்டா களிக்கு ஆவும்.” அன்று மத்தியானம் கேழ்வரகுக் களிக்கு அதைத்தான் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

திருப்பதிக்கும் போனோம். கோவிலிலிருந்து இறங்கி வந்ததும் எங்களோடு வந்த உறவுக்காரர் ஒருவர் லட்டை உடைத்து ஆளுக்கொரு துண்டு கையில் வைத்தார். பிரசாதத்தை வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. யாமினி அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள், பிறகு அவள் அம்மா வாயில் ஊட்டிவிட்டாள். உறவுக்காரர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காதான் பேசினாள்: “அவ பங்க அவங்கம்மா துன்னா, சாமி வாணாம்னு சொல்லப்போவுதா?”

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா பானைக்குள்ளிருந்து போன சீசன் தாண்ட்ராவை எடுத்தாள். யாமினி வழக்கம்போல் கேட்டாள்: “இதுல என்ன இருக்கு அத்தை?”

“மாம்பழம். வெல்லம். வெயிலு.”

யாமினி சாப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். இன்னொரு துண்டு கேட்டாள். நான் அருகில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்று தெரியும். முதல் ஊற்றுக்கு முன்னால் பாயில் நெய் தடவுவார்கள். இல்லையென்றால் காய்ந்தபின் தாண்ட்ரா பாயை விட்டு வராது, கோரையும் சேர்ந்து பிய்ந்து வரும். எண்ணெய் தடவினால் மாதக்கணக்கில் வைக்கும்போது சிக்கு வாடை அடிக்கும். ஆகவே நெய்தான். அக்கா, அவள் மாமியார், அந்தத் தெருவில் தாண்ட்ரா போடுகிற அத்தனை பேரும் அப்படித்தான்.

அக்கா வேண்டுமென்றே மறைக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. மகள் இரண்டாவது துண்டைச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகட்டும் என்று நினைத்தேன்.

4

அப்படி நினைத்தவன் பிறகு என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் மேலே எழுதிக்கொண்டே போனால் இதுவும் இன்னொரு கலப்படம்.

இங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். ஐந்து மணிக்கே பகல் கடையை மூடிவிடும். ஊரிலிருந்து வந்து நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் யாமினி தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்து, போன் செய்து, நான் ஓடி, ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒரு விட்டமின் குறைவு. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். சரியாகிவிடும் என்றார், சரியாகிக்கொண்டும் வந்தது.

எனக்கு மாத்திரைமேல் நம்பிக்கை வரவில்லை. நாள் முழுக்க மாத்திரைப் பெட்டிகளைத் தூக்கி வைக்கிறவனுக்கு அதன்மேல் எப்படி வரும்? இரவு அவள் கை மணிக்கட்டைப் பார்ப்பேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும். அடுப்பங்கரையில் என் பருப்பில் நெய் மிதக்கும். அவள் பருப்பு வறண்டு, களிமண் நிறத்தில், என்னைக் குற்றம் சொல்வதுபோல் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள், உப்பு பார்க்கிற சாக்கில், அவள் குண்டானில் ஒரு தேக்கரண்டி நெய்யை விட்டேன். கலக்கினேன். மேலே கொத்தமல்லியைத் தூவினேன். “சூப்பரா இருக்கு நைனா” என்றாள்.

அந்தச் சொல்லுக்காகவே மறுநாளும் விட்டேன். குளிர்காலம் முழுவதும் விட்டேன். பருப்பில், ரசத்தில், சூடான களியின் நடுவில் குழி பறித்து. அவள் கன்னத்தில் சதை வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அது மாத்திரையால் இல்லை, என்னால் என்று நினைத்துக்கொண்டேன்.

கள்ளத்தனம் செய்கிறவனுக்கு ஒரு புதுக் கண் முளைக்கிறது. அதனால் பார்த்தால் எல்லோரும் கள்ளர்கள். யாமினி பல்கலைக்கழகத்தில் தோழிகளோடு ரகசியமாகப் பாலாடைக்கட்டி சாப்பிடுகிறாள் என்று சந்தேகித்தேன். அவள் பையை ஒருமுறை பார்த்தும்விட்டேன், உள்ளே பொரிகடலைதான் இருந்தது. சுமதிக்கு என் விஷயம் தெரிந்திருக்குமோ, தெரிந்தும் பேசாமல் இருக்கிறாளோ என்று சந்தேகித்தேன். எல்லோரையும்விட அக்காவைச் சந்தேகித்தேன். அவளும் செய்கிறாள் என்றால் நான் தனியாள் இல்லை.

5

சனிக்கிழமை மதியம் யாமினி கடிதத்தோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். படிவங்களை நிரப்புவது அவள், கையெழுத்து நான். என் ஆங்கிலத்தில் நிரப்பினால் அலுவலகம் இன்னொரு கடிதம் அனுப்பும்.

“அத்தைகிட்டயே கேட்டுடலாம்,” என்று போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே காலை. பின்னால் ஒரு குக்கர் சத்தம்.

“பார்சலு வந்துச்சா கண்ணு?”

“வந்துச்சு அத்தை. ஆனா ஆபீஸ்ல புடிச்சு வெச்சிருக்காங்க.”

“புடிச்சி வெச்சிக்கினாங்களா? நான் இன்னா கஞ்சாவா அனுப்பினேன்?”

யாமினி சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். இலைப் பொருட்கள் என்றால் தையல் இலை. புரச இலைகளை மூங்கில் குச்சியால் கோத்து அக்காவே தைத்த தட்டுகள். கொட்டைத் தூள், வேர்க்கடலைப் பொடி. படுக்கைத் துணி என்பது பொந்தை, பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட விரிப்பு.

“அதுல பட்டு ஏதாவது இருக்கானு கேக்கறாங்க அத்தை.”

“இருந்துச்சி. ரெண்டு பொடவைக்குப் பட்டு பார்டரு. நீதான அன்னிக்கி சொன்ன, பூச்சிய உசுரோட வேக வெச்சி நூலெடுக்கறாங்கன்னு. பிரிச்சி எடுத்துட்டேன். ஊசி ஓட்டைங்க தெரியும், பாரு.”

யாமினி ‘இல்லை’ என்று குறித்தாள். பிறகு பழத் தகட்டுக்கு வந்தாள். நான் போனை என் பக்கம் இழுத்தேன்.

“அக்கா, தாண்ட்ராப் பாயில என்ன தடவின?”



“அதப் பத்தி நானே சொல்லணும்னு இருந்தேன்,” என்றாள் அக்கா. “கண்ணு, கேக்கறியா? பொங்கலுக்கு நீ துன்னியே, அந்தத் தாண்ட்ராவில நெய் இருந்துச்சிம்மா. பாயில தடவனது. நீ கேட்டப்ப எனக்கு அது ஞாபகத்துக்கே வர்ல. சத்தியமா வர்ல. பாயில தடவறத யாரு சாமான்ல சேத்துப் பாக்கறாங்க? நீங்க ஏரோபிளேன் ஏறிப் போனப்புறம், ஒருநாளு பாயக் கழுவிக்கினு இருந்தேன், கையெல்லாம் வழவழன்னுச்சி. அப்பதான் திக்குன்னுச்சி. தப்பாப் போச்சி கண்ணு.”

யாமினி பேனாவைக் கீழே வைத்தாள். “பரவால்ல அத்தை,” என்றாள். அவள் குரல் அப்படிக் கனிந்து நான் கேட்டதில்லை. “நீங்க தெரிஞ்சு செய்யலயே.”

“இந்தத் தபா நெய்யும் இல்ல, எண்ணெயும் இல்ல. பாய்மேல வாழெலய விரிச்சி அதும்மேல ஊத்தனேன். அழகா உரிஞ்சி வருது. அடியில திருப்பிப் பாரு, நரம்பு நரம்பா எல அச்சு இருக்கும்.”

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நான் விடவில்லை.

“அக்கா, இது கவர்மெண்டு பேப்பரு. கையெழுத்து போடணும். உண்மையச் சொல்லு.”

“சொல்லிக்கினுதான கீறேன்?”

“நெய் தடவாத தாண்ட்ராவ நீ என்னைக்காவது போட்டிருக்கியா? மாமாவுக்குப் பிடிக்குமா அது? புள்ளைக்கு நல்லதுன்னு ஒரு சொட்டு விட்டிருந்தா விட்டேன்னு சொல்லிடு. யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க.”

“டேய்.”

“இல்லக்கா, எனக்குத் தெரியாதா உன்ன...”

“டேய், நெய்யப் பத்தி நீயாடா பேசற?” குக்கர் ஒரு விசில் விட்டது. அக்கா அதற்குமேல் குரலை உயர்த்தினாள். “பொங்கலுக்கு மறுநாளு, என் அடுப்புல, இந்தக் கொழந்தைக்குன்னு தனியா வெச்ச பப்புல ஒரு கரண்டி நெய்ய ஊத்திட்டு, ‘அக்கா, சொல்லிடாத’ன்னு நின்னது யாரு? அந்தக் குண்டான அப்பிடியே தூக்கிம்போய் கழனித் தொட்டியில கவுத்துட்டு நான் வேற பப்பு வேக வெச்சேன். எதுக்கு? அது என்ன நம்பி என் வூட்ல துன்னுது. நான் பொய் சொல்றேன்னு அந்த ஆபீசருக்கு எழுதப்போறியா? எழுது, எழுது.”

போன் நின்றுவிட்டது. அவள் வைத்தாளா, சிக்னல் போனதா தெரியவில்லை. அந்தப் பருப்பை நான் உண்மையிலேயே மறந்திருந்தேன். குளிர்காலத்தில்தான் தொடங்கினேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

யாமினி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. உறையைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பாளே, அந்தப் பார்வை.

“அங்க மட்டுமா நைனா? இல்ல, இங்கயுமா?”

அங்கே மட்டும் என்று சொல்லியிருக்கலாம். சாட்சி இல்லை. அக்காவுக்கு அந்த ஒரு குண்டான்தான் தெரியும், அதையும் மாடுகள் தின்றுவிட்டன. அன்று ஒருநாள் புத்தி கெட்டுப் போச்சும்மா என்று ஒரே வரி போதும். அவள் அழுவாள், மன்னிப்பாள், ராத்திரி என் ரசத்தைச் சாப்பிடுவாள். அந்த வரி என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மேசையில் படிவம் இருந்தது. பெரிதாக அது காரணமில்லை. பரவால்ல அத்தை என்று இவள் சொன்ன குரல்தான் காரணம். அந்தக் குரல் எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தது. பொய் சொல்லி வாங்கினால் அது அந்தக் குரலாக இருக்காது என்றும் தெரிந்தது.

“இங்கயும்,” என்றேன்.

“எவ்ளோ நாள்?”

“நீ டிராம் ஸ்டாப்புல விழுந்ததுலேர்ந்து. தினமும்.”

அவள் கீழே வைத்த பேனாவை எடுத்துக்கொண்டாள். பிறகு, வகுப்பில் தவறான விடை சொன்னவனைத் திருத்துவதுபோல், மெதுவாகச் சொன்னாள்: “நெய்யில அந்த விட்டமின் கிடையாது நைனா.”

பழத் தகட்டுக்கு எதிரில் ‘இல்லை’ என்று குறித்து, படிவத்தை என் பக்கம் தள்ளினாள். கையெழுத்திட்டேன். அவள் எழுந்து, பச்சை நாடா ஒட்டிய தட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். நான் காலையில் அரைத்து வைத்த சட்னியை மட்டும் எடுக்கவில்லை. அது அப்படியே இருந்தது.

6

மூன்று வாரம் அவளே சமைத்துக்கொண்டாள். புதிதாக ஒரு குண்டான் வாங்கி வந்தாள். சுமதியிடம் எல்லாம் சொன்னேன். அவள் சீருடையைக்கூட மாற்றாமல் கேட்டுவிட்டு, “நான் வேலை செய்யற எடத்துல எந்தப் பாட்டி தட்டுலயாவது நீங்க செஞ்சத நான் செஞ்சிருந்தா, அன்னிக்கே என்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க,” என்றாள். அவளுக்கு முன்னமே தெரியாது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. அந்தச் சந்தேகமும் வீண்.

பொதி வந்தது. தையல் இலைகளை அலுவலகம் அழித்துவிட்டது. அதற்கு ஒரு காகிதம். மற்றவை வந்தன. பொந்தையின் ஓரங்களில் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. யாமினி விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், பிறகு தன் பருத்தி நூலால் அந்தத் துளைகளிலேயே ஒரு கரை பின்னத் தொடங்கினாள். தாண்ட்ராவில் அடிப்பக்கம் வாழை நரம்பு பதிந்திருந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். அவள் அப்படியே கடித்துச் சாப்பிட்டாள். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, உறையில் ஓர் எழுத்துகூட இல்லாமல் வந்த பண்டம்.

அக்காவைக் கூப்பிட்டேன். நான்கு நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்து, “கொழந்த பேசுதா ஒன்கிட்ட?” என்றாள். பேசுகிறாள், சாப்பிடுவதில்லை என்றேன். “அப்பிடித்தான் ஆவும். போய்க் கால்ல விழுந்து நாடகம் போடாத. சும்மா கெட,” என்றாள்.

சும்மா கிடந்தேன். எனக்கும் சுமதிக்கும் மட்டும் சமைத்தேன். நான்காவது வாரம், ஒரு மாலை, யாமினி பாடப்புத்தகத்தோடு வந்து அடுப்பங்கரை முக்காலியில் உட்கார்ந்தாள்.

“பருப்பு செய்ங்க. நான் பாக்கறேன்.”

செய்தேன். ஒவ்வொரு பாட்டிலாகக் கேட்டாள். அது என்ன. இது என்ன. கரண்டியை வாங்கி முகர்ந்தாள். என் கையைக்கூட முகர்ந்தாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பவனைப்போல் நின்றேன். பிறகு அவள் சாப்பிட்டாள். எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். புத்தகத்தில் பக்கம் திரும்பவே இல்லை. கண் என் கைமேலேயே இருந்தது. எனக்கு அதில் குறையில்லை. கண்காணிக்கவாவது வருகிறாள்.

போன ஞாயிறு காலை பருப்பு வெந்துவிட்டது. தாளிக்கும் கரண்டியில் கடலை எண்ணெயை ஊற்றி அடுப்பில் வைத்தேன். அவள் போன் அடித்தது. யாரோ தோழி. பேசிக்கொண்டே எழுந்து பின்கட்டுத் தோட்டத்துக்குப் போனாள். நான் அடுப்பை அணைத்தேன். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் கழித்து அவள் கதவில் தலையை நீட்டினாள்.

“ஏன் அணைச்சிட்டீங்க?”

“நீ இல்லையே.”

காதில் போனோடு என்னையே பார்த்தாள். அந்தப் பக்கம் தோழி எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது இங்கே வரை கேட்டது.

“நான் வர லேட்டாகும்,” என்றாள். “நீங்களே தாளிச்சிடுங்க.”

கதவு சாத்திக்கொண்டது. இது ஒரு சோதனையோ என்று தோன்றியது. மெல்ல நகர்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். எண்ணெய் சூடாகும்வரை இரண்டு கைகளையும் மேடைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கடுகைப் போட்டேன்.